தொண்டை ரிப்போர்ட்டில் ‘குரூப் ஜி’: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்தின் வகைகளும் வீரியமும்

கேள்வி இது: பதினைந்து வயது மகளுக்குக் காய்ச்சல், தொண்டை வலி. தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த சோதனையில் ‘பீட்டா ஹீமோலிட்டிக் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், குரூப் ஜி’ என்று வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஏஎஸ்ஓ (இந்தக் கிருமியின் நச்சு ஒன்றுக்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்பொருளின் அளவு) 400. பீட்டா என்றால் ஆல்பாவை விட மோசமா? ‘குரூப் ஏ தான் ஆபத்து’ என்கிறார்களே, அப்படியானால் ஜி வந்தால் நிம்மதியாக இருக்கலாமா? தயிரிலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருப்பதாகப் படித்தது உண்மையா? தாய் கேட்கிறார்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஆல்பா, பீட்டா என்பதும் ஏ, பி, ஜி என்பதும் ஆபத்துக்குப் போட்ட மதிப்பெண்கள் அல்ல. ஆய்வகத்தில் ஒரு பாக்டீரியாவை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் கண்டுபிடித்த அடையாளங்கள் அவை. ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை அது வைத்திருக்கும் மரபணுக்கள்தான் முடிவு செய்கின்றன. அந்த மரபணுக்களோ ஒரே குரூப்புக்குள், ஏன், ஒரே இனத்துக்குள்ளேயே கூட மாறும். குழந்தையின் சிகிச்சை பற்றிக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் ரிப்போர்ட்டைப் படிப்பது எளிதாகும்.

1874இல் வியன்னாவில் தியோடர் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர், சீழ்பிடித்த காயங்களில் சங்கிலியாகக் கோத்த சின்னஞ்சிறு உருண்டைகளைப் பார்த்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, பாரிஸ் மருத்துவ அகாதமியில் பிரசவக் காய்ச்சலைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது லூயி பாஸ்டர் குறுக்கிட்டு, நோய்க்குக் காரணம் இதுதான் என்று அதே சங்கிலியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். பிள்ளை பெற்ற வீட்டில் தாயைப் பலிகொண்ட கிருமி அது. இன்று நாம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜெனிஸ் என்று சொல்வது அதைத்தான்.

ஆனால் சங்கிலியாக இருப்பதெல்லாம் கொல்வதில்லை. நம் எல்லோருடைய வாயிலும் சங்கிலிக் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. பாலைப் புளிக்க வைப்பவற்றிலும் இருக்கின்றன. எதை விட்டுவிடலாம், எதைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அன்றைய சிக்கல். 1903இல் ஜெர்மானியர் ஹூகோ ஷாட்முல்லர் ரத்தம் கலந்த அகாரில், அதாவது கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டில், இவற்றை வளர்த்துப் பார்த்தார். சில வகைகளைச் சுற்றி ரத்தம் கரைந்து தெளிவான வளையம் வந்தது. சிலவற்றைச் சுற்றிப் பச்சை படர்ந்தது. 1919இல் ஜே. எச். பிரவுன் இந்த வேறுபாட்டுக்கு ஆல்பா, பீட்டா, காமா என்று பெயர் சூட்டினார். பச்சை ஆல்பா, தெளிவு பீட்டா, ஒன்றும் ஆகாமல் இருந்தால் காமா.

தட்டில் நடப்பது என்னவென்றால், ஆல்பா வகைகள் ஹைட்ரஜன் பெராக்சைடு வெளியிடுகின்றன. அது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனேற்றம் செய்து பச்சையாக்குகிறது. பீட்டா வகைகள் சிவப்பணுவின் சவ்வையே உடைக்கும் நச்சை வெளியிடுகின்றன. பையோஜெனிஸில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோலைசின் எஸ். இதிலிருந்து ‘பீட்டா மோசம், ஆல்பா சாது’ என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நிமோனியா, மூளைக்காய்ச்சல், ரத்தத்தொற்று என்று உலகெங்கும் குழந்தைகளையும் முதியவர்களையும் கொல்லும் நிமோகாக்கஸ் ஓர் ஆல்பா. இதய வால்வில் மெல்ல மெல்லக் கூடுகட்டி, கவனிக்காவிட்டால் உயிரை எடுக்கும் வாய்க்கிருமிகளும் பெரும்பாலும் ஆல்பாதான். தட்டில் தெரியும் வளையம் தேடலைச் சுருக்க உதவும், அவ்வளவே. அதுவும் எந்த ரத்தம் என்பதைப் பொறுத்தது. செம்மறி ஆட்டு ரத்தம் 5 சதவீதம் கலப்பதுதான் நல்ல முறை. ரத்த வங்கியில் காலாவதியான மனித ரத்தத்தை ஊற்றும் ஆய்வகங்கள் நம் ஊரில் இருக்கின்றன. அந்த ரத்தத்தில் எதிர்ப்பொருளோ ஆன்டிபயாட்டிக்கோ இருந்தால் கிருமி வளர்வதே கெட்டுவிடும், வளையமும் சரியாகத் தெரியாது. செலவைக் குறைக்க இது சரியான இடமில்லை என்பது என் உறுதியான கருத்து.

இப்போது அந்த ‘ஜி’. இந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருப்பவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட். 1918இல் நியூயார்க் ராக்பெல்லர் நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவரி, அல்ஃபோன்ஸ் டோசெஸ் இருவரிடம் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தவர். முதல் உலகப்போர்க் காலத்தில் டெக்சாஸ் ராணுவ முகாம்களில் படைவீரர்களைத் தாக்கிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மாதிரிகள் 125 அங்கே வந்து சேர்ந்திருந்தன. எல்லாம் ஒரே கிருமிதானா என்பதே கேள்வி. அவர்கள் தேடியபோது ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருப்பது தெரிந்தது. லான்ஸ்ஃபீல்ட் அந்த நூலை விடவில்லை. 1981இல் இறக்கும்வரை ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் அவர் வாழ்க்கை.

அவர் செய்த முறை எளியது, ஆனால் கூர்மையானது. கிருமிகளைச் சூடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வேகவைத்தால் செல்சுவரில் உள்ள சர்க்கரைத் தொடர் கழன்று வரும். அதை முயலின் ரத்தத்தில் உருவாக்கிய எதிர்ப்பொருளோடு மெல்லிய குழாயில் சேர்த்தால், பொருத்தமானால் வெள்ளையாகத் திரியும். 1933இல் 106 மாதிரிகளை இப்படிச் சோதித்து ஏ முதல் இ வரை ஐந்து குரூப்புகளைப் பிரித்தார். மனித நோயிலிருந்து வந்தவை பெரும்பாலும் ஏயில் விழுந்தன. மாட்டு மடிநோயிலிருந்து வந்தவை பி. பிற கால்நடைகளிலிருந்து வந்தவை சி. பாலாடைக்கட்டியிலிருந்து வந்தவை டி. எஃப், ஜி போன்ற எழுத்துகள் அப்புறம் சேர்ந்தன.

எந்த எழுத்து எந்த உயிரிடம் இருந்து வந்தது என்று அவ்வளவு ஒழுங்காகப் பொருந்தியதால்தான் அந்த முறை உலகம் முழுவதும் பரவியது. இன்று அமிலத்தில் வேகவைப்பது அரிது. லேடெக்ஸ் துகள் கிட் ஒன்றில் ஒரு சொட்டு விட்டு, திரிதிரியாகக் கூடுகிறதா என்று பார்த்தால் சில நிமிடங்களில் எழுத்து கிடைத்துவிடும். உங்கள் மகளின் ரிப்போர்ட்டில் உள்ள ஜி பெரும்பாலும் அப்படி வந்ததுதான்.

ஆனால் அந்த ஒழுங்கு முழுமையானதில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆஞ்சினோசஸ் என்றொரு கூட்டம் இருக்கிறது. கல்லீரல், மூளை, நுரையீரலில் சீழ்க்கட்டி உண்டாக்கும் வழக்கம் அதற்கு. தட்டில் ஊசிமுனை அளவு சிறிய காலனிகளாக வளரும். வெண்ணெயும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய மிட்டாய் மணம் வீசும். இந்தக் கூட்டத்தில் ஏ, சி, எஃப், ஜி எந்தச் சர்க்கரையும் இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஆக, கிட்டில் ‘ஏ’ என்று வந்தாலே பையோஜெனிஸ் என்று எழுதிவிட முடியாது. பிஒய்ஆர் என்ற சிறு சோதனை இதைத் தீர்க்கும்: பையோஜெனிஸ் சிவப்பாகும், ஆஞ்சினோசஸ் ஆகாது. மறுபக்கம் நிமோகாக்கஸுக்கும் வாயில் வாழும் விரிடான்ஸ் வகைகளில் பலவற்றுக்கும் லான்ஸ்ஃபீல்ட் எழுத்தே கிடையாது. குரூப் டியின் ஆன்டிஜனோ (எதிர்ப்பொருள் வந்து ஒட்டும் பொருள்) சர்க்கரைத் தொடரே இல்லை, லிப்போடெய்க்காயிக் அமிலம் என்ற வேறு பொருள். ஒரே அகரவரிசையில் வைத்திருந்தாலும் அவை ஒரே வகைப் பொருளைச் சுட்டவில்லை.

1980களில் டிஎன்ஏவையே ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கியபோது குடும்பம் பிரிந்தது. குடலில் வாழும் ஃபீகாலிஸும் ஃபீசியமும் 1984இல் எண்டெரோகாக்கஸ் என்ற தனிப் பேரினமாயின. அடுத்த ஆண்டே பால் புளிக்கவைக்கும் லாக்டிஸ் லாக்டோகாக்கஸ் ஆனது. பெயர் மாற்றத்தை வெறும் காகித வேலை என்று நினைக்க வேண்டாம். எண்டெரோகாக்கஸ் மேல் செஃபலோஸ்போரின் மருந்துகள் இயல்பாகவே வேலை செய்யாது. 1980களின் இறுதியில் வான்கோமைசினையும் தாங்கும் எண்டெரோகாக்கஸ் லண்டனிலும் பிரான்சிலும் தலைகாட்டியது. இன்று பல தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் அது பெரிய தலைவலி. இதயவால்வுத் தொற்றில் ‘ஏதோ ஸ்ட்ரெப்டோ’ என்று விட்டுவிட்டு செஃப்ட்ரையாக்சோன் என்ற செஃபலோஸ்போரின் மட்டும் போட்டால், கிருமி எண்டெரோகாக்கஸாக இருந்தால் நோயாளி தேற மாட்டார்.

தயிர்க் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஆமாம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் என்ற உண்மையான ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் கடையில் கிடைக்கும் யோகர்ட்டின் முக்கிய வேலையாள். நம் வீட்டு உறைமோரில் லாக்டோகாக்கஸ், லாக்டோபேசில்லஸ் எல்லாம் கலந்து இருக்கும். தெர்மோபிலஸின் முழு மரபணுத்தொகுப்பு 2004இல் வெளியானபோது, அதில் பத்தில் ஒரு பங்கு மரபணுக்கள் உடைந்து செயலற்றுக் கிடந்தன. நோய் உண்டாக்கும் உறவினர்களிடம் இருக்கும் கருவிகள் பல இதில் காணாமலே போயிருந்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பாலிலேயே வாழ்ந்ததால், உடம்பைத் தாக்கும் கருவிகள் தேவைப்படாமல் உதிர்ந்துவிட்டன. அதன் நெருங்கிய உறவான சாலிவேரியஸ் நம் வாயில் வாழ்கிறது. தயிரைப் பயமின்றிச் சாப்பிடுங்கள்.

சரி, ஆயுதங்கள் நிறைந்த பக்கத்துக்கு வருவோம். வீரியம், அதாவது நோய் உண்டாக்கும் திறன், என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள பையோஜெனிஸைப் போல ஒரு பாடம் இல்லை. உலகில் ஆண்டுதோறும் குறைந்தது 5,17,000 பேர் இதன் கடுமையான நோய்களால் இறப்பதாக 2005இல் ஒரு மதிப்பீடு வெளியானது. அதில் பெரும் பங்கு ருமாட்டிக் இதயநோய், அதாவது தொண்டைத் தொற்றுக்குப் பின் இதய வால்வு கெடும் நோய்.

இதன் முதல் ஆயுதம் எம் புரதம். கிருமியின் மேலே முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் முறுக்கு இழை. நம் ரத்தத்தில் கிருமிமேல் சி3பி என்ற குறிப்பொருள் படிந்தால்தான் வெள்ளையணுக்கள் அதை விழுங்கும். எம் புரதமோ, நம் உடம்பு தன் சொந்தச் செல்களைக் காக்க வைத்திருக்கும் ஃபேக்டர் எச் போன்ற புரதங்களையும் ஃபைப்ரினோஜனையும் பிடித்துத் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. குறிப்பொருள் படிவதில்லை. இதையும் முதலில் பிரித்துக் காட்டியவர் லான்ஸ்ஃபீல்ட்தான், 1928இல். ஒரு எம் வகைக்கு உடம்பு எதிர்ப்பொருள் செய்துவிட்டால் அந்த வகையிலிருந்து பல ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. சிக்கல் என்னவென்றால், இன்று எம் மரபணுவின் முன்பகுதியைப் படித்துப் பிரிக்கும்போது 200க்கும் மேற்பட்ட வகைகள் தெரிகின்றன. ஒன்று போனால் இன்னொன்று வரும். ஒரே குழந்தைக்கு மீண்டும் மீண்டும் தொண்டைத் தொற்று வருவதற்கு இது ஒரு காரணம்.

எம் புரதத்துக்கு மேல் சில வகைகள் ஹயலூரானிக் அமிலத்தால் ஆன உறையைப் போர்த்திக்கொள்கின்றன. நம் மூட்டுகளிலும் தோலடியிலும் இருக்கும் அதே பொருள். தன் சொந்தப் பொருளை எதிர்த்து உடம்பு எதிர்ப்பொருள் செய்யாது. திருடன் வீட்டுக்காரரின் சட்டையையே போட்டுக்கொண்டு வருவது போன்ற ஏற்பாடு.

மறைந்துகொள்வதோடு அது நிற்பதில்லை. சி5ஏ பெப்டிடேஸ் என்ற நொதி, வெள்ளையணுக்களைக் கூவியழைக்கும் சி5ஏவை வெட்டுகிறது. ஸ்பைசெப் என்ற இன்னொன்று இன்டர்லூகின்-8 என்ற அழைப்புச் செய்தியை வெட்டுகிறது. வந்து சேரும் வெள்ளையணுக்கள் தங்கள் டிஎன்ஏவையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்கும். அந்த வலையைக் கரைக்கக் கிருமியிடம் டிஎன்ஏஸ் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோலைசின் ஓவும் எஸ்ஸும் செல் சவ்வுகளில் துளை போடுகின்றன. ஓ வகை கொலஸ்டிராலில் ஒட்டும், ஆக்சிஜன் பட்டால் செயலிழக்கும், எதிர்ப்பொருளை உண்டாக்கும். ஏஎஸ்ஓ பரிசோதனை அளப்பது அந்த எதிர்ப்பொருளைத்தான். எஸ் வகைக்கு எதிர்ப்பொருளே உருவாவதில்லை.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் எனக்குப் பிடித்த உதாரணம். உடம்பு ரத்தக்கட்டியால் வேலிகட்டித் தொற்றை ஓரிடத்தில் நிறுத்தப் பார்க்கும். ஸ்ட்ரெப்டோகைனேஸ், ரத்தக்கட்டியைக் கரைக்க நம் ரத்தத்திலேயே இருக்கும் பிளாஸ்மினோஜனைத் தூண்டிவிட்டு அந்த வேலியைக் கரைக்கிறது. 1933இல் வில்லியம் டில்லெட் இதைக் கண்டார். பின்னாளில் மாரடைப்பு நோயாளிகளின் இதயக் குழாய் அடைப்பைக் கரைக்கும் மருந்தாக ஆனது. நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் எத்தனையோ பேரைக் காப்பாற்றிய ஊசி இந்தக் கிருமியின் ஆயுதத்திலிருந்து வந்தது. இன்னொரு செய்தி: இது மனிதப் பிளாஸ்மினோஜனைத்தான் நன்றாகத் தூண்டும், எலியுடையதை அவ்வளவாகத் தூண்டாது. மனிதப் பிளாஸ்மினோஜன் உள்ள எலிகளை உருவாக்கி 2004இல் சோதித்தபோது அவை மிக அதிகமாக இறந்தன. வீரியம் கிருமியிடம் மட்டும் இருப்பதில்லை, அது யாரைத் தாக்குகிறது என்பதிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

கடைசியாக, அதிநஞ்சுகள் எனச் சொல்லத்தக்க சூப்பர் ஆன்டிஜன்கள். சாதாரணமாக ஒரு அந்நியப் பொருள் உடம்பில் நுழைந்தால் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களில் பத்தாயிரத்தில் ஒன்றுகூட விழிக்காது. எஸ்பிஇ-ஏ போன்ற சூப்பர் ஆன்டிஜன் ஐந்தில் ஒரு பங்கு டி செல்களை ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். அவை கொட்டும் சைட்டோகைன் என்ற அழற்சிச் செய்திப் பொருள்களின் வெள்ளத்தில் ரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகமும் நுரையீரலும் செயலிழக்கும். இதுதான் ஸ்ட்ரெப்டோகாக்கல் டாக்ஸிக் ஷாக். ஸ்கார்லெட் காய்ச்சலின் சிவப்புத் தடிப்புக்கும் இதே குடும்ப நச்சுகள்தான் காரணம். இந்த நச்சின் மரபணு கிருமியின் சொந்தச் சொத்து இல்லை. கிருமியைத் தொற்றும் ஃபேஜ் வைரஸ் கொண்டுவந்து சேர்ப்பது. நச்சில்லாத ஒன்று ஒரே தொற்றில் நச்சுள்ளதாக மாறலாம்.

1980களில் உலகெங்கும் பரவிய எம்1 வகையின் கதை இதுதான். நச்சு மரபணு ஒரு ஃபேஜிலிருந்தும், வலுவான டிஎன்ஏஸ் இன்னொரு ஃபேஜிலிருந்தும், ஸ்ட்ரெப்டோலைசின் ஓவை அதிகம் சுரக்க வைக்கும் பகுதி வேறொரு எம் வகையிலிருந்தும் வந்து சேர்ந்தன. அதன்பின் கடுந்தொற்றுகள் ஏறின. இங்கிலாந்தில் அதே எம்1இன் ஒரு கிளை எம்1யூகே என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. பழைய எம்1இலிருந்து அது வேறுபடுவது டிஎன்ஏவின் வெறும் 27 எழுத்து மாற்றங்களில். ஆனால் எஸ்பிஇ-ஏ நச்சைப் பல மடங்கு அதிகம் சுரக்கிறது. 2022 இறுதியில் பிரிட்டனில் குழந்தைகள் பலர் கடுந்தொற்றில் இறந்தபோது இந்தக் கிளையே முன்னணியில் இருந்தது. ரத்த அகாரில் வைத்தால் இரண்டும் ஒரே பீட்டா வளையம். லேடெக்ஸில் இரண்டும் ‘ஏ’. எம் வகை பார்த்தாலும் இரண்டும் எம்1.

இன்னும் ஒரு படி உள்ளே போனால், நோயாளியின் உடம்புக்குள்ளேயே கிருமி மாறுகிறது. கோவ்ஆர்எஸ் என்ற கட்டுப்பாட்டு இணை பல ஆயுதங்களை அடக்கி வைத்திருக்கும். வெள்ளையணுக்களின் வலைக்குள் சிக்கும் நெருக்கடியில், அந்த இணையில் பிறழ்வு ஏற்பட்ட செல்களே பிழைத்து முன்னேறும். அவை உறையையும் நச்சையும் அளவின்றிச் சுரந்து, தசையுறையை அழுகவைக்கும் நோயை உண்டாக்குகின்றன. தொண்டையில் இருந்ததும் தசையைத் தின்பதும் ஒரே கிருமியின் சந்ததி.

நீங்கள் கேட்ட ஜிக்கு வருவோம். மனிதரிடம் குரூப் ஜி, சி என்று வரும் பெரிய காலனிகள் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் டிஸ்கலாக்டியே, ஈக்விசிமிலிஸ் துணையினம். இதை பையோஜெனிஸின் தங்கை என்றே சொல்லலாம். எம் புரதம் இருக்கிறது, ஸ்ட்ரெப்டோலைசின் ஓ, எஸ் இரண்டும் இருக்கின்றன, ஸ்ட்ரெப்டோகைனேஸ் இருக்கிறது, சி5ஏ பெப்டிடேஸ் இருக்கிறது. ஃபேஜ் கொண்டுவரும் நச்சுகள் பெரும்பாலும் குறைவு. தொண்டை வலி, கால் செல்லுலைட்டிஸ் (தோலடித் தொற்று), முதியவர்களிடம் ரத்தத்தொற்று, எப்போதாவது டாக்ஸிக் ஷாக் வரை எல்லாம் இதனால் வரும். ‘ஏ இல்லை, ஜிதான்’ என்று மகிழ்வதற்குக் காரணம் இல்லை; ஜி என்று பதறுவதற்கும் இல்லை.

யானைக்கால் வந்த கால்களில் அடிக்கடி காய்ச்சலோடு சிவந்து வீங்குவதற்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் பெரும்பாலும் காரணம். விரலிடுக்கில் வெடித்த தோல் வழியாக நுழைகிறது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, விரலிடுக்குப் புண்ணுக்கு மருந்து போட்டாலே அந்தத் தாக்குதல்கள் வெகுவாகக் குறையும். யானைக்காலைக் கொசுவோடு மட்டும் சேர்த்துப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

குரூப் பி, அதாவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே, வேறு கதை. மாட்டு மடிநோய்க் கிருமி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1938இல் லண்டனில் மூன்று தாய்மார்கள் பிரசவத்துக்குப் பின் இதனால் இறந்தது பதிவாயிற்று. 1970களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தொற்றுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் முதன்மைக் காரணமாக எழுந்தது. அதன் உறையின் நுனியில் இருக்கும் சியாலிக் அமிலம் நம் செல்களின்மேலும் இருப்பது. மறுபடியும் அதே போர்வை வித்தை. அதற்குள்ளும் எஸ்டி17 என்ற கிளை பச்சிளங்குழந்தைகளின் மூளைக்காய்ச்சலில் கூடுதலாகக் காணப்படுகிறது. எஸ்டி283 என்ற இன்னொரு கிளை 2015இல் சிங்கப்பூரில் பச்சை நன்னீர் மீன் உணவு வழியாக நலமாக இருந்த பெரியவர்களையே தாக்கியது. அதன்பின் அங்கே உணவுக்கடைகளில் பச்சை நன்னீர் மீன் விற்பதற்குத் தடை வந்தது. சிங்கப்பூரில் இதைப் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

நிமோகாக்கஸ் பற்றி ஒரே ஒரு விஷயம். அதன் வீரியத்தில் பெரும்பகுதி சர்க்கரை உறையில் இருக்கிறது. உறை இழந்தது ஏறத்தாழ சாதுவாகிவிடும். 1928இல் ஃபிரெட் கிரிஃபித், சூட்டில் கொல்லப்பட்ட உறைக் கிருமியோடு உயிருள்ள உறையில்லாக் கிருமியைக் கலந்து எலிக்குச் செலுத்தியபோது எலி இறந்தது, உறைக் கிருமி உயிரோடு கிடைத்தது. 1944இல் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும் அப்படிக் கைமாறிய பொருள் டிஎன்ஏ என்று காட்டினார்கள். வீரியம் ஒரு கிருமியிடமிருந்து இன்னொன்றுக்குப் போகும் என்பதைத் தேடித்தான் மரபுப் பொருள் எது என்றே உலகம் கண்டுகொண்டது. உறை வகைகள் நூறுக்கும் மேல். தடுப்பூசி அவற்றில் முக்கியமான சிலவற்றைக் குறிவைக்கிறது. இந்தியாவில் 2017 முதல் படிப்படியாக வந்து 2021இல் நாடு முழுவதும் இலவசத் திட்டத்தில் சேர்ந்தது.

பையோஜெனிஸுக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. எம் புரதத்தின் சில பகுதிகள் இதயத் தசையின் மயோசினைப் போலிருப்பதால், எதிர்ப்பொருள் இதயத்தையே தாக்கிவிடுமோ என்ற அச்சம் பல பத்தாண்டுகள் வேலையைத் தடுத்தது. அந்த அச்சத்தின் வேர்தான் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைத் தொற்று ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு மாறி மூட்டு வீங்கும், இதய வால்வு கெடும். 1950இல் அமெரிக்காவின் வயோமிங் விமானப்படைத் தளத்தில் நடந்த ஆய்வில், தொண்டைத் தொற்றுக்குப் பெனிசிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சல் வராமல் தடுக்கலாம் என்பது உறுதியானது. தொற்று தொடங்கி ஒன்பது நாளுக்குள் கொடுத்தாலும் பலன் உண்டு. நல்ல செய்தி ஒன்று: பையோஜெனிஸ் இன்றுவரை பெனிசிலினுக்குப் பணிந்தே இருக்கிறது. எரித்ரோமைசின், அசித்ரோமைசினுக்கு அப்படிச் சொல்ல முடியாது. தொண்டை வலி என்றதும் அசித்ரோமைசின் மூன்று மாத்திரை வாங்கி விழுங்குவது நம் மருந்துக்கடைப் பழக்கம். ஸ்ட்ரெப்டோ தொண்டைக்கு அது முதல் தேர்வே அல்ல.

இப்போது உங்கள் மகள். காய்ச்சல், தொண்டையில் சீழ்ப்புள்ளி, கழுத்தில் நெறிகட்டுதல் இருந்து, இருமலும் மூக்கொழுகலும் இல்லாவிட்டால் இந்த ஜிதான் நோய்க்குக் காரணம் என்று கொள்ளலாம். அமாக்சிசிலினோ பெனிசிலினோ கேட்கும். பல மருத்துவர்கள் குரூப் ஏ போலவே பத்து நாள் கொடுப்பார்கள். இருமல், மூக்கொழுகல் இருந்தால் வைரஸ் காய்ச்சலோடு கிருமி சும்மா தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. பள்ளிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் அளவுக்கு எந்த நோயும் இன்றித் தொண்டையில் குரூப் ஏயைக்கூடச் சுமக்கிறார்கள். உடம்பில் எங்கேனும் தோல் பார்க்கச் சாதாரணமாக இருந்தும் தாங்க முடியாத வலி, மயக்கம், குழப்பம், சிறுநீர் குறைதல் வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அப்போது பெனிசிலினோடு கிளிண்டாமைசினும் சேர்ப்பார்கள், நச்சு உற்பத்தியை நிறுத்துவதற்காக.

ஏஎஸ்ஓ 400 பற்றிக் கடைசியாக. ஸ்ட்ரெப்டோலைசின் ஓவை ஏ, சி, ஜி மூன்றுமே செய்யும். ஆக உங்கள் மகளின் இந்த ஜி தொற்றோ, சில மாதங்களுக்கு முன் வந்துபோன ஏதோ ஒரு தொற்றோ அந்த எண்ணை உயர்த்தியிருக்கலாம். தொற்று வந்து ஒரு வாரத்தில் ஏறி, மூன்று முதல் ஐந்து வாரத்தில் உச்சம் தொட்டு, மாதக் கணக்கில் மெல்ல இறங்கும். பள்ளி வயதில் 200க்கு மேல் இருப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். தோல் புண்ணிலிருந்து வந்த தொற்றில் இது ஏறாமலே போகலாம், தோலின் கொழுப்பு நச்சை முடக்கிவிடுவதால். அங்கே டிஎன்ஏஸ் பி எதிர்ப்பொருள் பார்ப்பதே சரி. ஏஎஸ்ஓ ‘நடந்து முடிந்த தொற்று’ என்று மட்டும்தான் சொல்லும், ருமாட்டிக் காய்ச்சல் என்று சொல்லாது. கால் வலிக்கிறது என்று வரும் குழந்தைகளுக்கு இந்த ஒற்றை எண்ணை வைத்து 21 நாளுக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி போட ஆரம்பித்து ஆண்டுக் கணக்கில் தொடர்வதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் ருமாட்டிக் இதயநோய் உள்ள குழந்தைக்கு அந்த ஊசி உயிர்காப்பது, ஒரு தவணையும் தவறக்கூடாது. இல்லாத குழந்தைக்கு அது வலியும் வீண் பயமும். யாராவது அப்படி ஆரம்பிக்கச் சொன்னால், ருமாட்டிக் காய்ச்சலை உறுதிசெய்யப் பயன்படும் ஜோன்ஸ் அளவுகோலின்படி என்னென்ன அறிகுறிகள் பொருந்துகின்றன, எக்கோ எடுத்து வால்வைப் பார்த்தாயிற்றா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.